ஜி.இ.டி., இ.எஸ்.எல். வகுப்புகளுக்குத் தன்னார்வலராகப் போகலாமா?

ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி, சுருக்கமாக: "கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பி.எஸ்சி. கணிதம் படித்தவள். பையன் முழுநேரப் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டான், பகலில் எனக்கு நேரம் இருக்கிறது. எங்கள் ஊர் நூலகத்தில் பெரியவர்களுக்கான ஆங்கில (இ.எஸ்.எல்.) வகுப்புக்கும், பள்ளியை முடிக்காதவர்கள் எழுதும் ஜி.இ.டி. தேர்வுக்கான வகுப்புக்கும் தன்னார்வலர்கள் வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். எனக்குப் பாடம் நடத்திப் பழக்கமில்லை. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். இந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு இன்னொருவருக்குச் சொல்லித்தர முடியுமா? போனால் என்ன வேலை கொடுப்பார்கள்?"

தாராளமாகப் போகலாம். நான் பல வருடங்களாக இந்த வகுப்புகளில் உட்காருகிறவன். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியவர்கள் இந்த வேலைக்கு ரொம்பப் பொருத்தமானவர்கள் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கட்டி, சரிபார்த்து, வாய் திறப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும் அவஸ்தை உங்களுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து ஆங்கிலமே பேசுகிற தன்னார்வலருக்கு அதை விளக்கித்தான் புரியவைக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பெரும்பாலும் உங்களைத் தனியாக வகுப்பு எடுக்கச் சொல்ல மாட்டார்கள். ஆசிரியர் ஒருவர் இருப்பார், பாடத்தை அவர் நடத்துவார். வகுப்பில் பதினைந்து இருபது பேர் இருந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு படியில் நிற்பார்கள். ஒருவருக்குப் பின்னம் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் இயற்கணிதத்துக்கே வந்திருப்பார். ஒருவரிடம் மட்டும் இருபது நிமிடம் உட்கார ஆசிரியருக்கு வழியில்லை. அந்த இருபது நிமிடத்தைத் தருவதுதான் உங்கள் வேலை. கேட்பதற்குச் சின்ன விஷயம் போலிருக்கும். ஆனால் வயது வந்தபிறகு படிக்க வருகிறவர்கள் பாதியில் நிற்பதற்கும் தொடர்ந்து வருவதற்கும் பல நேரம் இதுதான் வித்தியாசமாக இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் ஒரு வரலாறு உண்டு. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரத்தில் ரூத் கால்வின் என்று ஓர் அம்மையார் இருந்தார். தன் ஊரிலேயே எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பல்லாயிரம் பேர் என்று செய்தித்தாளில் பார்த்து அதிர்ந்துபோய், 1962இல் வீட்டிலிருந்தே தன்னார்வலர்களைத் திரட்ட ஆரம்பித்தார். அதுதான் 'லிட்ரசி வாலண்டியர்ஸ் ஆஃப் அமெரிக்கா'. அதற்கும் முன்பே, 1930இல், பிலிப்பைன்ஸில் பணியாற்றிய ஃபிராங்க் லாபாக் என்ற பாதிரியார், படித்த ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற முறையைத் தொடங்கியிருந்தார். இருவருடைய அமைப்புகளும் 2002இல் இணைந்து 'ப்ரோலிட்ரசி' ஆயின. கால்வின் அம்மையார் 2024இல் தனது 107ஆவது வயதில் காலமானார். இன்று நூலகங்களிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் தேவாலயங்களின் கீழ்த்தளங்களிலும் நடக்கும் பல வகுப்புகளின் தன்னார்வப் பயிற்சிக்கு இவர்கள் போட்ட பாதைதான் அடிப்படை.

தேவை குறையவும் இல்லை. 2023இல் எடுத்த பன்னாட்டுத் திறன் கணக்கெடுப்பில், அமெரிக்காவில் 16 முதல் 65 வயது வரை உள்ளவர்களில் 28 சதவீதம் பேரின் வாசிப்புத் திறன் அடிமட்டமான முதல் நிலையிலோ அதற்கும் கீழோ இருந்தது. 2017இல் அது 19 சதவீதம். இதில் இங்கேயே பிறந்தவர்களும் நிறையப் பேர். ஜி.இ.டி. வகுப்பில் எல்லோரும் குடியேறியவர்களாக இருப்பார்கள் என்று எண்ணிப் போக வேண்டாம். பதினாறு வயதில் வேலைக்குப் போக வேண்டியிருந்த அமெரிக்கர், பிள்ளை பிறந்ததால் பள்ளியை விட்ட பெண், ஹோண்டுராஸில் ஆறாவதோடு நிறுத்தியவர், தன் நாட்டில் பட்டம் வாங்கியும் சான்றிதழ் கையில் இல்லாதவர் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

ஜி.இ.டி. என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். இரண்டாம் உலகப் போரின்போது, பள்ளியை முடிக்காமல் படையில் சேர்ந்தவர்களுக்காக 1942இல் உருவான தேர்வு இது. இப்போது உள்ள வடிவம் 2014இல் வந்தது, முழுக்கக் கணினியில்தான். நான்கு பாடங்கள்: கணிதம் 115 நிமிடம், மொழியும் வாசிப்பும் 150 நிமிடம், அறிவியல் 90 நிமிடம், சமூக அறிவியல் 70 நிமிடம். ஒவ்வொன்றிலும் மதிப்பெண் 100இலிருந்து 200 வரை. 145 எடுத்தால் தேர்ச்சி. நான்கையும் ஒரே நாளில் எழுத வேண்டியதில்லை. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தயாராகலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல், முதல் நாளே அவர்களிடம் சொல்லுங்கள். சில மாநிலங்களில் ஹைசெட் என்ற இன்னொரு தேர்வும் உண்டு. அதில் ஐந்து பாடங்கள், மதிப்பெண் முறையும் வேறு. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் இரண்டையும் ஏற்கின்றன. உங்கள் வகுப்பு எதற்குத் தயார் செய்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: நூலக அலமாரியில் பழைய புத்தகங்கள் நிறையக் கிடக்கும். 2014க்கு முந்தைய ஜி.இ.டி. புத்தகத்தையும், 2021 இறுதியோடு நிறுத்தப்பட்ட, இதே போன்ற இன்னொரு தேர்வான டாஸ்க்கின் புத்தகத்தையும் எடுத்துப் படித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டையைத் திருப்பி வருடத்தைப் பாருங்கள்.

நீங்கள் கணிதம் படித்தவர் என்பதால் உங்களைக் கண்டதும் கணித மேசைக்குத்தான் அனுப்புவார்கள். எல்லா இடத்திலும் ஆள் கிடைக்காத மேசை அது. இங்கே நமக்குச் சில பழக்கங்கள் இடைஞ்சலாக வரும், முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது. நாம் 'த்ரீ இன்டு ஃபோர்' என்றால் பெருக்கல். அமெரிக்கர்களுக்கு அது நான்கை மூன்றால் வகுப்பது. 'த்ரீ டைம்ஸ் ஃபோர்' என்றே சொல்லிப் பழகுங்கள். கணக்கில் எதை முதலில் செய்வது என்பதற்கான நம் போட்மாஸ் இங்கே பெம்டாஸ். லட்சத்துக்குப் போடுகிற இடத்தில் காற்புள்ளி வைத்துவிடாதீர்கள். அடி, அங்குலம், பவுண்டு, கேலன் எல்லாம் கேள்வியில் வரும், ஒருமுறை பார்த்துக்கொண்டு போங்கள். தென் அமெரிக்க நாடுகளில் படித்தவர்கள் பலர் தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி வைப்பார்கள். வகுத்தல் கணக்கை வேறு மாதிரி அடுக்குவார்கள், கழித்தலை மனதிலேயே செய்துவிட்டு மீதியை மட்டும் எழுதுவார்கள். அது தவறில்லை. விடை சரியாக வந்தால் அவர்கள் வழியிலேயே விடுங்கள். கணிதத் தேர்வின் முதல் ஐந்து கேள்விகளுக்குக் கால்குலேட்டர் கிடையாது, மீதிக்குத் திரையிலேயே வரும். சூத்திரத் தாளும் கொடுப்பார்கள். அதனால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். எந்தச் சூத்திரத்தை எப்போது எடுப்பது என்பதில் செலவிடுங்கள்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தானாகப் பிடிபடும். ஒரே ஒரு விஷயத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: விளக்குவதைக் குறையுங்கள். நாம் வளர்ந்த வகுப்பறையில் கரும்பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டுவதுதான் கற்றுக்கொடுப்பது. நீங்கள் பளபளவென்று ஐந்து வரியில் போட்டுக் காட்டினால் எதிரில் இருப்பவர் தலையாட்டி 'ஓகே டீச்சர்' என்பார், வீட்டுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தால் முதல் வரியே வராது. பென்சில் அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தரைக்கு டைல்ஸ் போடுகிற தொழிலாளி ஒருவர் எங்கள் மேசைக்கு வந்துகொண்டிருந்தார். எக்ஸ், ஒய் என்று எதைப் பார்த்தாலும் புத்தகத்தை மூடிவிடுவார். ஒருநாள் புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "12 அடிக்கு 10 அடி அறை, எவ்வளவு டைல்ஸ் வாங்குவீர்கள்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "120 சதுர அடி. உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 132." சரி, கடைக்காரர் உங்களிடம் 150 சதுர அடிக்குப் பணம் வாங்கிவிட்டார், அறையின் நீளம் 12 என்று தெரியும், அகலம் எவ்வளவு என்றேன். கொஞ்சம் மேலே பார்த்துவிட்டு "பன்னிரண்டரை" என்றார். அவர் மனதில் செய்ததை அவரையே தாளில் எழுதச் சொன்னேன்: 150ஐ 12ஆல் வகுத்தார். தெரியாத அகலத்துக்கு ஓர் எழுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றதும், அவரே அதற்கு மேலே 12 பெருக்கல் டபிள்யூ சமம் 150 என்று எழுதினார். எழுதியதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா?" என்றார். பல வருடமாகத் தன்னை முட்டாள் என்று நம்பவைத்த விஷயம் தான் தினமும் செய்கிற கணக்குதான் என்று தெரிந்தால் கொஞ்சம் கோபமும் வரும், அவருக்கும் வந்தது. அடுத்த வாரமே சமன்பாடுகள் எல்லாம் வந்துவிடவில்லை. எதிர்மறை எண்ணில் மாதக்கணக்கில் தடுமாறினார். ஆனால் புத்தகத்தை மூடுவது நின்றது.

எல்லோருக்கும் அவர் தொழிலில் ஒரு கணக்கு இருக்கும். ஓட்டலில் அறை சுத்தம் செய்பவருக்கு மணிக்கு எத்தனை அறை, சமையல்காரருக்கு முக்கால் கப், பராமரிப்பாளருக்கு மருந்தின் அளவு. முதல் சில வாரங்களில் அதைக் கண்டுபிடியுங்கள்.

மொழித் தாளில் கட்டுரை ஒன்று உண்டு, 45 நிமிடம். எதிரெதிர் கருத்துள்ள இரண்டு பத்திகளைக் கொடுத்து எந்த வாதத்துக்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது என்று கேட்பார்கள். ஏறக்குறைய எல்லோரும் முதலில் தன் சொந்தக் கருத்தை எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து, பத்தியில் ஆதாரம் இருக்கிற வரியை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், அது போதும். அப்புறம் தட்டச்சு. இரண்டு விரலால் எழுத்தைத் தேடித்தேடி அடிப்பவருக்கு நல்ல சிந்தனை இருந்தும் நேரம் போய்விடும். தட்டச்சுப் பயிற்சிக்கு வாரம் பத்து நிமிடம் ஒதுக்கலாமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். சமூக அறிவியலில் பாதி அமெரிக்க அரசமைப்பும் குடிமையியலும்தான். உங்களுக்கே புதிதாக இருக்கும், அவர்களோடு சேர்ந்து படியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஒன்றாகத் தேடுகிற தன்னார்வலரை வகுப்பில் எல்லோருக்கும் பிடிக்கும்.

ஆங்கில வகுப்பு வேறு உலகம். நிலைக்குத் தகுந்தபடி பிரித்திருப்பார்கள். தொடக்க நிலையில் சொந்த மொழியிலேயே எழுதப் படிக்கத் தெரியாதவர்களும், சொந்த மொழியில் பொறியியல் படித்தவர்களும் கலந்திருக்கக்கூடும். இருவரையும் ஒரே மாதிரி நடத்த முடியாது. முதல் வகையினருக்குப் பென்சில் பிடிப்பதும் இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டுவதுமே பாடம். அவர்களிடம் பணித்தாளை நீட்டாதீர்கள்.

இவர்களோடு நான் அதிகம் நம்புகிற முறை எளிமையானது. அவர் தன் நாளைப் பற்றி இரண்டு மூன்று வாக்கியம் சொல்லட்டும். 'ஐ கோ வொர்க் ஃபைவ் மார்னிங். பஸ் நோ கம். பாஸ் ஆங்ரி.' அதை அவர் சொன்னபடியே பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதுவே அன்றைக்கு அவர் வாசிக்கும் பாடம். சொன்னது அவரே என்பதால் எழுத்தைத் தடவித்தடவி வாசித்துவிடுவார். வாசித்து முடித்தபிறகு ஒரே ஒரு திருத்தம்: 'தி பஸ் டிட் நாட் கம்'. மற்ற பிழைகளைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள். நம்மில் நிறையப் பேருக்கு இலக்கணப் பிழையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது, அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் குறுக்கிட்டால் அவர் பேசுவதையே நிறுத்திவிடுவார். பேசாதவருக்குத் திருத்த என்ன இருக்கிறது?

'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். "எந்தப் பஸ்? எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். கேள்வி கேட்டபின் காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். மௌனம் உங்களுக்குத்தான் சங்கடம், அவர் அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருப்பார். தேவையை ஒட்டிய பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்: பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பள்ளிக்குப் போன் செய்வது, மருத்துவர் அலுவலகத்தில் நேரம் வாங்குவது, சம்பளச் சீட்டில் கழித்த தொகை ஏன் என்று கேட்பது. போன் உரையாடலை எதிரெதிரே பார்த்துக்கொண்டு பயிற்சி செய்யாமல் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து செய்துபாருங்கள். முகத்தையும் கையசைவையும் பார்க்க முடியாதபோதுதான் போனில் பேசுவது எவ்வளவு கடினம் என்று இருவருக்கும் தெரியும்.

உங்கள் ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்பட்டீர்களே, உச்சரிப்பையும் சேர்த்துச் சொல்கிறேன். நிதானமாக, தெளிவாகப் பேசினால் போதும். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் மேலாளர் கொரியராக இருக்கலாம், உடன் வேலை செய்பவர் ஹைட்டிக்காரராக இருக்கலாம், வாடிக்கையாளர் டெக்சாஸ்காரராக இருக்கலாம். பல விதமான ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகுவது அவர்களுக்கு நல்லதுதான். குறிப்பிட்ட ஒலியைப் பயிற்சி செய்ய வேண்டும் என்றால் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள்.

சில எல்லைகள் உண்டு, இவற்றில் உறுதியாக இருங்கள். ஒருவரின் விசா நிலை, எப்படி இந்த நாட்டுக்கு வந்தார் என்பதையெல்லாம் கேட்கக் கூடாது. அவராகச் சொன்னாலும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். குடியேற்ற விண்ணப்பத்தை நிரப்பித்தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது வழக்கறிஞரும் அமெரிக்க நீதித் துறையின் (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகளும் செய்ய வேண்டிய வேலை, ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பினாலும் பாதிப்பு அவருக்கு. எங்கே போவது என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுச் சொல்லலாம். பணம் கடன் கொடுக்காதீர்கள். பள்ளியை ஏன் விட்டீர்கள் என்றும் கேட்காதீர்கள். ஒருவருக்கு எழுத்துகள் திரும்பத்திரும்ப மாறித் தெரிகின்றன, எவ்வளவு முயன்றும் வாசிப்பு நகரவில்லை என்று தோன்றினால், இது இன்ன குறைபாடு என்று நீங்களே பெயர் வைக்காமல் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். கற்றல் குறைபாட்டுக்குச் சான்று இருந்தால் ஜி.இ.டி. தேர்வில் கூடுதல் நேரம் உட்படச் சலுகைகள் கேட்க முடியும். நாற்பது வயதுவரை அது யாருக்கும் தெரியாமலே போனவர்கள் இருக்கிறார்கள்.

ஆட்கள் காணாமல் போவார்கள். இது புதிதாக வருகிற தன்னார்வலர்களை ரொம்பப் புண்படுத்துகிறது. மூன்று மாதம் நன்றாக வந்தவர் திடீரென்று நின்றுவிடுவார். தாங்கள் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று தன்னார்வலர்கள் நினைத்துக் குமைவார்கள். பெரும்பாலும் ஷிஃப்ட் மாறியிருக்கும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போயிருக்கும், கார் நின்றிருக்கும். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. வரும்போது 'ஏன் வரவில்லை' என்று கேட்காமல், விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ள அவருடைய தாள்களை ஒரு கோப்பில் வைத்திருங்கள். அவர் என்ன முடித்தார், எதில் நின்றார் என்று ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் இரண்டு வரி எழுதி வைத்தால், அன்றைக்கு நீங்கள் இல்லாவிட்டாலும் இன்னொருவர் தொடர்வார்.

விசா விஷயம். சம்பளமோ வேறு பலனோ வாங்காமல், எல்லோரும் இலவசமாகவே செய்கிற தொண்டுப் பணியை ஒரு பொது நூலகத்திலோ லாப நோக்கமற்ற அமைப்பிலோ செய்வதற்கு எச்-4 தடையாக இருப்பதில்லை. ஆனால் ஊக்கத்தொகை, பரிசு அட்டை, 'இப்போது இலவசமாகச் செய்யுங்கள், பிறகு வேலை தருகிறோம்' என்ற பேச்சு எதற்கும் சம்மதிக்காதீர்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்த வேலையை உங்களுக்குக் கொடுத்தாலும் வேண்டாம். சந்தேகம் வந்தால் உங்கள் கணவரின் நிறுவன வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில இடங்களில் பின்னணி சரிபார்ப்புக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், வேறு வழி இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

சேருவதற்கு முன் ஒருங்கிணைப்பாளரிடம் இதைக் கேளுங்கள்: பயிற்சி தருவார்களா, வகுப்பை ஒருமுறை ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா, ஆசிரியர் வாரப் பாடத்தை முன்கூட்டியே அனுப்புவாரா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் நல்ல இடம். உங்களை முதல் நாளே தனி அறையில் பத்துப் பேரோடு விட்டுவிடுகிற இடமாக இருந்தால் வேறு நூலகத்தைப் பாருங்கள்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். உற்சாகத்தில் மூன்று நாள் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஆனால் தவறாமல். இரண்டு வேலைக்கு நடுவில் பஸ் பிடித்து வருகிறவர், உங்களோடு உட்கார்ந்து முடிக்கலாம் என்று ஒரு கணக்கை மிச்சம் வைத்துக்கொண்டு வருவார். உங்கள் நாற்காலி காலியாக இருந்தால் அது அவரைப் பாதிக்கும். பையனுக்குக் காய்ச்சல் வரும், பனி கொட்டும், அதெல்லாம் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஒரு தகவல் சொன்னால் போதும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் அதையும் சேரும்போதே சொல்லிவிடுங்கள். ஜூன், ஜூலையில் தேர்வு எழுத இருப்பவரை உங்களிடம் விடாமல் வேறு ஒருவரோடு உட்கார வைப்பார்கள்.